தோட்ட வேலையும் முட்டு வலியும்

நாகர்கோவில் பக்கத்தில் "மூட்டு வலி" என்று சொல்பவர்கள் குறைவு. "முட்டு வலி" என்றுதான் சொல்வார்கள். கைக்கு என்றால் கைமுட்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுமனே முட்டு என்றால் அது முழங்கால்தான். ஊரில் அறுபது தாண்டிய பெண்களிடம் நலம் விசாரித்துப் பாருங்கள். "எனக்கென்ன மக்ளே, இந்த முட்டு மட்டும் இல்லேன்னா ஒரு கொறையும் இல்ல" என்று பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

தோட்ட வேலை செய்பவர்கள் முழங்காலை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கூடவே ஒரு படம் இருக்கும். பூப்போட்ட கையுறை மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பச்சை நிற ரப்பர் மெத்தையின் மேல் மண்டியிட்டு ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பார். மண்டியிடும் மெத்தை, முழங்கால் கவசம், இருபக்கமும் கைப்பிடி வைத்த முக்காலி என்று சாமான்களின் பட்டியலும் இருக்கும். நல்ல சாமான்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டுத் தோட்டத்தில் மண்டியிட்டு வேலை செய்யும் ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மண்டியிடுவதெல்லாம் கிறிஸ்தவக் கோயிலில் பிரார்த்தனைக்குத்தான். தோட்டத்தில் நம் ஆட்கள் குத்தவைத்துத்தான் இருப்பார்கள். இரண்டு பாதமும் தரையில், தொடை கெண்டைக்காலோடு ஒட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்படியே வாத்து நடை நடந்து பாத்தி முழுவதும் களை பறித்துவிடுவார்கள். ஈர மண்ணில் சேலையோடு யார் மண்டியிடப் போகிறார்கள்?

ஆகவே மெத்தையை வைத்து நம்மூர் முழங்காலைக் காப்பாற்ற முடியாது. மண்டியிடும்போது அடி விழுவது முட்டின் முன்பக்கத்துக்கு. அங்கே தோலுக்கும் சில்லு எலும்புக்கும் நடுவே ஒரு சின்ன நீர்ப்பை இருக்கிறது. தரையில் அழுந்தி அழுந்தி அது வீங்கும். வீடு வீடாகத் தரை துடைத்த வேலைக்காரப் பெண்களுக்கு அதிகம் வந்ததால் ஆங்கிலத்தில் அதற்கு "வேலைக்காரியின் முழங்கால்" என்றே பெயர். மெத்தை அதைத்தான் தடுக்கிறது. குத்தவைக்கும்போது தரை முட்டைத் தொடுவதே இல்லை. அங்கே நடக்கும் கூத்து முழுவதும் உள்ளே.

சரி, யாருடைய முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

நாஞ்சில் நாடு என்றால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்கள். திருவிதாங்கூரில் இருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த நான்கு தாலுகாக்களில் கிழக்கே இருப்பவை. நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். பேருக்கேற்றபடி கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளையும் பூமி. நெல்லைத் தவிர இன்னொரு பெருமை பூ. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழி கணவாய்க்கு முன்னால் இருக்கிறது தோவாளை. அங்குள்ள பூச்சந்தை விடியும் முன்பே கூடிவிடும். பிச்சி, மல்லி, அரளி, கேந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, துளசி என்று கூடை கூடையாக வந்து கேரளாவுக்கும் போகும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் அந்தச் சந்தையைப் பார்க்க வேண்டும்! அந்த ஊரின் மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மாலைக்குக் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பூவைப் பறித்த, அதற்குக் களை எடுத்த முழங்கால்களைப் பற்றித்தான் பேச ஆளில்லை.

ஒரு பூந்தோட்டப் பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். பிச்சி, மல்லி எல்லாம் மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். மல்லிகை வகைகளை வருஷம் ஒருமுறை தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்வார்கள். அதனால் செடி எப்போதும் இடுப்புக்குக் கீழேதான். பறிக்கும்போது குனிவு. வெயில் ஏறியதும் களை. அது குத்தவைத்து. மதியம் வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், துணி. பிறகு பூக்கட்டு. அது சம்மணமிட்டு. மீன் நறுக்க அரிவாள்மணை முன்னால் மறுபடியும் குத்தவைத்து. ராத்திரி படுக்கும்போதுதான் அந்த முட்டு முழுசாக நீளுகிறது. தோட்டக்கூலி வாங்குவது ஒரு வேளைக்கு, முட்டு மடங்கியிருப்பது நாள் முழுக்க.

முழங்காலை ஒரு கதவுக் கீல் மாதிரி நினைப்பது வழக்கம். அது முழுக்கச் சரியில்லை. தொடை எலும்பின் உருண்டையான முனை, கீழ்க்கால் எலும்பின் தட்டையான மேல்பக்கத்தில் உருண்டும் வழுக்கியும் நகர்கிறது. இரண்டுக்கும் இடையே வழவழவென்று குருத்தெலும்பு. அதன்மேல் பிறை நிலா வடிவத்தில் இரண்டு மெத்தைகள். முன்னால் சிரட்டை கவிழ்த்த மாதிரி சில்லு எலும்பு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதுதான் இதில் முக்கியமான விஷயம். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரில் இருந்துதான் அதற்குச் சாப்பாடு. அழுத்தினால் நீர் வெளியேறும், விட்டால் உள்ளே ஊறும். பஞ்சு மாதிரி. நடக்கும்போது இந்த அழுத்தமும் விடுதலும் மாறி மாறி நடப்பதால் நடை முட்டுக்கு நல்லது. மணிக்கணக்காகக் குத்தவைத்தால் அழுத்தம் மட்டும் இருக்கிறது, விடுதல் இல்லை. முட்டு முழுசாக மடங்கிய நிலையில் சில்லு எலும்பு தொடை எலும்பின்மேல் இறுகி அழுந்துகிறது, பிறை மெத்தைகளின் பின்பகுதி நசுங்குகிறது. அந்த நிலையிலேயே பாதத்தை அசைக்காமல், எட்டாத களையை எட்டிப் பிடிக்க உடம்பை மட்டும் திருப்பினால் மெத்தை கிழியவும் வாய்ப்புண்டு. பிறகு கையில் களைக் கட்டோடு எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடிதான் எல்லாவற்றையும்விட மோசம். மொத்த உடம்பையும் தொடைத் தசை தூக்க வேண்டும், அந்த இழுப்பு முழுவதும் முட்டின் வழியாகத்தான் போகிறது.

உடனே ஒரு கேள்வி வரும். நம் முன்னோர்கள் எல்லாம் குத்தவைத்துத்தானே வாழ்ந்தார்கள், அவர்களுக்கு வராததா? வெஸ்டர்ன் டாய்லெட் வந்தபிறகுதானே முட்டு வலியே வந்தது? குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வாதம் அடிக்கடி வலம் வருகிறது.

இதற்குப் பதில் பீஜிங்கில் இருக்கிறது. சீனர்களும் நம்மைப்போலவே குத்தவைக்கும் பழக்கம் உள்ளவர்கள். அங்கே அறுபது வயதைத் தாண்டியவர்களிடம், "இருபத்தைந்து வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்தவைத்து இருந்தீர்கள்?" என்று கேட்டு, முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2004-இல் வெளியானது. தினம் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் குத்தவைத்தவர்களுக்கு, அரை மணிக்கும் குறைவாகக் குத்தவைத்தவர்களைவிட, முழங்கால் தேய்மானத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிக நேரம் குத்தவைத்திருந்தார்கள். அதே குழுவினர் 2001-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பீஜிங் பெண்களுக்கு அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரப் பெண்களைவிட முழங்கால் தேய்மானம் அதிகம் என்று தெரிந்தது. இத்தனைக்கும் பீஜிங் பெண்கள் உடல் எடை குறைந்தவர்கள். ஆக, முன்னோர்களுக்கும் வலித்திருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கத்தான் ஆளில்லை.

அதற்காகக் குத்தவைப்பதே விஷம் என்று சொல்லக் கூடாது. நன்றாக இருக்கும் முட்டு முழுசாக மடங்கி நீள்வது நல்ல விஷயம்தான். தினமும் கொஞ்ச நேரம் குத்தவைத்து எழுபவர்களின் இடுப்பும் கணுக்காலும் இறுகிப் போகாமல் இருக்கும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம், எவ்வளவு பாரத்தோடு என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை ஜெர்மனிக்காரர்கள் போட்டே வைத்திருக்கிறார்கள். 2009-இல் அந்த நாடு முழங்கால் தேய்மானத்தைத் தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மண்டியிடுவது, குத்தவைப்பது போன்ற வேலைகளில் ஒரு ஷிஃப்ட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம், வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம் கழித்திருந்தால், அது வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொள்வார்கள். டைல்ஸ் போடுபவர்கள் போன்றவர்களை நினைத்துச் செய்த சட்டம் இது. இப்போது அந்த எண்ணைத் தோவாளைக்குக் கொண்டுவாருங்கள். பூந்தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் குத்தவைத்து வேலை, வருஷத்தில் 250 நாள் என்று வைத்துக்கொண்டால் 750 மணி நேரம். பதினேழு, பதினெட்டு வருஷத்தில் 13,000 தாண்டிவிடும். இருபது வயதில் களை பறிக்கத் தொடங்கிய பெண் நாற்பதைத் தொடும் முன்பே ஜெர்மனியின் அளவுகோலைத் தாண்டிவிடுகிறாள். வீட்டில் அரிவாள்மணை முன்னால் இருந்த நேரமெல்லாம் இதில் சேர்த்தி இல்லை. பிரிட்டனும் 2009-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கும், அடுத்த வருஷம் தரைவிரிப்புப் பதிப்பவர்களுக்கும் இதே நோயைத் தொழில் நோயாக ஏற்றது. நம்மூரில் தொழிற்சாலைகளுக்கான பட்டியலில் ஈய நச்சும் சிலிகோசிஸும் இருக்கின்றன, முழங்கால் தேய்மானம் இல்லை. இருந்தாலும் பூந்தோட்டம் தொழிற்சாலை ஆகுமா என்ன! "வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

தோவாளைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எழுபதை நெருங்கும் ஓர் ஆச்சி இருக்கிறார். கூலிக்குக் களை பறிக்கப் போவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடத்தில் பிச்சியும் வெண்டையும் கத்திரியும் வைத்திருக்கிறார். பேத்தி பிசியோதெரபி படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் முதல் வேலையாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"ஆச்சி, இந்தத் துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில வச்சு அமுக்குங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கணும்."

"அமுக்கினா?"

"தொடைக்கு பலம் வரும். தொடைக்கு பலம் இருந்தா முட்டுக்கு பாரம் கொறையும்."

"நாப்பது வருசம் களை பறிச்ச காலு மக்ளே இது. இதுக்கா பலம் இல்லேன்னு சொல்லுக?"

பேத்தியிடம் பதில் இருந்தது. குத்தவைத்து இருப்பது வேறு, தொடைத் தசைக்குப் பயிற்சி வேறு. முட்டு வலிக்க ஆரம்பித்ததும் அந்தக் காலை ஊன்றாமல் தாங்கித் தாங்கி நடப்போம். சில மாதத்தில் தொடைத் தசை மெலிந்துவிடும். தசை மெலிந்தால் பாரம் நேராக மூட்டில் இறங்கும். வலி கூடும். இன்னும் தாங்கி நடப்போம். இந்தச் சுழற்சியை எங்காவது வெட்ட வேண்டும், வெட்டுவதற்கு எளிதான இடம் தொடைதான். ஆச்சி பாதி நம்பினார்.

பிறகு பேத்தி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்தவைத்து இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "ஒரு மணிக்கூர் இருக்கும்" என்றார் ஆச்சி. பேத்தி விரல் விட்டு எண்ணினாள். காலையில் முற்றத்துப் புல். பிறகு பாத்தியில் களை. பாத்திரம் கழுவ அடுக்களைப் பின்வாசல். மீன். சாயங்காலம் தண்ணீர் விடும்போது மறுபடியும் நாலு களை. "அதெல்லாம் வேலையா மக்ளே?" என்று ஆச்சி கேட்டதும் பேத்தி சிரித்துவிட்டாள். ஆச்சி வேலை என்று நினைத்தது பாத்தியில் இருக்கும் நேரத்தை மட்டும்தான். ஒரு மணிக்கூர் மூன்றைத் தாண்டிவிட்டது.

அந்த வீட்டில் செய்த மாற்றங்கள் எதற்கும் பெரிய செலவில்லை. முதலில் கதம்பை. தேங்காய் உரித்த கதம்பைக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. அதைச் செடிகளுக்கு நடுவே குழி பக்கம் கீழாக வைத்துப் பரப்பிவிட்டார்கள், இடைவெளியில் காய்ந்த வாழைச்சருகு. வெயில் படாத மண்ணில் களை முளைப்பது வெகுவாகக் குறையும், ஈரமும் நிற்கும். களையே இல்லாவிட்டால் குத்தவைக்கவும் வேண்டாமே! முழங்காலுக்கு இதைவிடச் சிறந்த கவசம் எந்தக் கடையிலும் கிடைக்காது. கோரை மட்டும் எதையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அதைத் தனியாகத்தான் பிடுங்க வேண்டும். அதையும் மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது செய்தால் பாதி பலம் போதும்.

அடுத்தது கொரண்டிப் பலகை. ஆச்சி சில நேரம் அதில் உட்காருவார். ஆனால் நாலு விரல் உயரப் பலகையில் உட்காருவதும் குத்தவைப்பதும் முட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பலகைக்கு அடியில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, ஓர் அடி உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உயரத்தில் முட்டு முழுசாக மடங்குவதில்லை. எழும்பவும் சுலபம். பிறகு அதுவும் நகர்த்தக் கஷ்டம் என்று பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, மேலே சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டார் ஆச்சி. (அழகுக்கு ஒன்றும் குறைவில்லை.) எட்டாத இடத்துக்கு வாளியோடு நகர்ந்துபோக வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே இடுப்பை முறுக்கக் கூடாது என்பது பேத்தியின் கட்டளை.

மூன்றாவது, நேரம். இருபது நிமிஷம் வேலை, பிறகு எழுந்து கிணற்றடி வரை ஒரு நடை. பஞ்சில் மறுபடியும் நீர் ஊற வேண்டும் அல்லவா? இதற்கு அலாரம் வைத்துக் கொடுத்தாள் பேத்தி. ஆச்சி இரண்டே நாளில் அதை நிறுத்திவிட்டார். பதிலுக்கு ஒரு பாத்தி முடிந்தால் எழுந்துவிடுவது என்று தானே ஒரு முறை வைத்துக்கொண்டார். அதுவே போதும். எழும்போது மம்பட்டியை ஊன்றிக்கொண்டு எழுவது, தண்ணீர்க் குடத்தை அரைக் குடமாக இரண்டு நடையில் எடுப்பது என்று சின்னச் சின்னதாக இன்னும் சில. அப்படியும் யாரும் பார்க்காத நேரத்தில் ஆச்சி பழையபடி குத்தவைத்துத்தான் இருக்கிறாராம். அறுபது வருஷப் பழக்கம்!

மண்டியிட்டே ஆக வேண்டிய வேலை என்றால், இரண்டு முட்டையும் ஊன்றாமல் ஒரு முட்டை ஊன்றி மறு பாதத்தைத் தரையில் வைத்துக்கொள்வது நல்லது. எழும்போது அந்தக் காலும் கையும் உதவும், அடிக்கடி கால் மாற்றிக்கொள்ளலாம். ஊன்றும் முட்டுக்கு அடியில் சாக்குக்குள் தென்னை நார் அடைத்த ஒரு திண்டு போதும். ஊன்றிய இடத்தில் தோல் கிழிந்து மண் பட்டால் அலட்சியமாக விடக் கூடாது. அந்த நீர்ப்பைக்குள் சீழ் பிடிப்பது சாதாரண விஷயமில்லை.

நெடுநேரம் குத்தவைத்தால் வரும் இன்னொரு ஆபத்து பலருக்கும் தெரியாது. முட்டுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே ஒரு நரம்பு எலும்பை ஒட்டிப் போகிறது. அது அழுந்தினால் கால் மரத்துப்போகும். ரொம்ப நேரம் அழுந்திவிட்டால் பாதத்தைத் தூக்கவே முடியாமல் போகலாம். ஸ்ட்ராபெரி பறிப்பவர்களுக்கு இப்படி வந்ததால் மருத்துவத்தில் அவர்கள் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் உதறினா சரியாப் போவும்" என்று அடிக்கடி சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் சொந்தத் தோட்டத்துக்குச் சரி. அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள் பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க முடியுமா? வரிசையில் பத்துப் பேர் களை பறிக்கும்போது ஒருத்தி மட்டும் எழுந்தால் என்ன பேச்சு கேட்க வேண்டிவரும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இதே பிரச்சினை அமெரிக்காவில் வேறு வடிவத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவின் கீரைத் தோட்டங்களிலும் பீட்ரூட் தோட்டங்களிலும் களை எடுக்க மெக்சிகோ தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட கொத்து ஒன்றைக் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் எல் கோர்ட்டிட்டோ, அதாவது குட்டையன். பிடி இரண்டு அடிகூட இருக்காது. நாள் முழுக்க இரண்டாக வளைந்துதான் கொத்த முடியும். நீளப் பிடி போட்டால் பயிர் வெட்டுப்படும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். தூரத்தில் இருந்து பார்க்கும் மேஸ்திரிக்கு யார் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்பதுதான் உண்மைக் காரணம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். முதுகு உடைந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், 1975-இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. பிடி நீண்டது, பயிரும் அழியவில்லை. 2004-இல் தேவையில்லாமல் கையால் களை பறிக்கச் சொல்வதற்கும் அந்த மாநிலம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நம்மூர்க் களைக்கொத்தின் பிடியும் குட்டைதான். கிட்டத்தட்ட ஒரு முழம். அதைப் பிடித்தால் குத்தவைக்காமல் வேறு வழியில்லை. வேலைக்காரியின் கால் வலிமையைவிடப் பிடியின் நீளம்தான் அவள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நெல் வயலில் இதற்கு ஏற்கெனவே வழி கண்டாயிற்று. ஒற்றை நாற்று சாகுபடி வந்தபோது கூடவே கோனோ வீடர் வந்தது. நீளமான கைப்பிடியைப் பிடித்து, நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளினால் களை மண்ணுக்குள் அமுங்கிவிடும். வரிசை நடவு இருந்தால்தான் அது ஓடும். பூந்தோட்டத்தில் செடிகள் ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கின்றன. செடியின் தூரோடு ஒட்டிய களையைக் கையால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அது நியாயம். ஆனால் இரண்டு வரிசைக்கு நடுவே இருக்கும் பெரும்பகுதியை நீளப் பிடி கொத்தாலோ, சக்கரம் வைத்த தள்ளு களைவெட்டியாலோ நின்றுகொண்டே முடித்துவிடலாம். கவாத்து முடிந்து செடி சிறுத்து நிற்கும் மாதங்களில் இடைவெளிக்கும் குறைவில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளா அதற்கு மூன்று வருஷம் முன்பே செய்தது. கடைப் பெண்ணுக்கு உட்காரும் உரிமை. தோட்டத்துப் பெண்ணுக்கு அதற்கு நேர் எதிரானது வேண்டும், நிமிர்ந்து நிற்கும் உரிமை. அதற்குச் சட்டம் வருமோ வராதோ, ஒரு களைக்கொத்துக்கு நாலரை அடிக் கம்பு போட தோட்டக்காரருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கோட்டாறு கம்போளத்தில் மம்பட்டிக் கணை விற்கிறவர்களிடம் கேட்டாலே கிடைக்கும்.

ஏற்கெனவே வலி வந்துவிட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். உடல் எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவி நீவுவது சுகமாக இருக்கும், குமரி மாவட்டத்தில் ஆசான்களுக்கும் எண்ணெய்க்கும் குறைவில்லை. ஆனால் நீவுவதால் தொடைக்குப் பலம் வராது. வலி மாத்திரையை மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதுதான் நிஜமான ஆபத்து. வயிறும் சிறுநீரகமும் பதில் சொல்ல வேண்டிவரும். முட்டு திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, மடக்கிய கால் பூட்டு விழுந்த மாதிரி நீட்ட முடியாமல் நின்றுவிட்டாலோ, நடக்கும்போது முட்டு தானாக மடிந்து விழத் தள்ளினாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சாதாரண தேய்மான வலிக்கு முதல் மருந்து உடற்பயிற்சிதான் என்பதில் உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுகிறார்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை. படுத்துக்கொண்டு காலை நீட்டியபடியே ஒரு சாண் தூக்கி நிறுத்துவது. ஆச்சிக்குப் பேத்தி சொன்ன துண்டுப் பயிற்சி. ஆறேழு வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும், அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். சொல்லித் தர வீட்டில் பேத்தி இல்லாதவர்கள், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளலாம். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், முட்டு வலிக்குப் பயிற்சி சொல்லித் தர ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டால் போதும். கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். மாத்திரையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து களை பறிக்கப் போய்விடுகிறார்கள்.